அடைத்த துளை

அப்பாவின் பத்மினி காரில் முதலில் வந்தது வாடைதான். காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் போர்ட்டிகோ முழுக்கப் பெட்ரோல் வாடை. வண்டிக்கடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம். சற்று நேரத்தில் அதுவும் காய்ந்துவிடும். பழைய வண்டி, 1987 மாடல், கொஞ்சம் வாடை வரத்தான் செய்யும் என்று இரண்டு வாரம் விட்டுவிட்டேன். போர்ட்டிகோவை ஒட்டித்தான் எங்கள் சமையலறை ஜன்னல். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழும். மைனஸ் 40 டிகிரி குளிரிலேகூடத் தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவியாகும் திரவம் அது. இதெல்லாம் தெரிந்திருந்தும் இரண்டு வாரம் சும்மா இருந்ததை நினைத்தால் இன்னமும் வயிற்றைக் கலக்குகிறது.

பிறகு மெயின் ரோட்டில் ஒரு பட்டறையில் விட்டேன். அரை மணி நேரத்தில் "முடிஞ்சுது சார்" என்றார்கள். சொட்டு நின்றிருந்தது. வாடையும் இல்லை. நிம்மதியாகப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்ப்பது அப்பாவின் வழக்கம். அவருக்குப் பிறகு அது என் வழக்கம் ஆனது, ஆனாலும் அவரைப் போல வாரம் தவறாமல் செய்ததில்லை. பட்டறைக்குப் போய்வந்து ஒரு மாதம் கழித்து உருவினேன். ஆயில் மேல் கோட்டுக்கும் மேலே விரலகலம் ஏறியிருந்தது. இந்த வயதில் எஞ்சின் ஆயிலைக் குடிக்கும், குறையும், ஊற்றுவோம். தானாக எப்படிக் கூடும்? ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்தேன். வழவழப்பே இல்லை, தண்ணீராய் ஓடியது. மூக்கருகே கொண்டுபோனேன். பெட்ரோல்.

வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனோம். அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைப் பார்க்கிற பாய் அங்கே இருக்கிறார். ஸ்டிக்கை முகர்ந்ததுமே "ஏசி பம்ப்" என்றார்.

இந்தப் பெயர் எனக்குச் சிறு வயதில் புரியாது. குளிர்சாதனமே இல்லாத வண்டியில் ஏசி பம்ப் எங்கிருந்து வந்தது? அது ஆல்பர்ட் சாம்பியன் என்ற மனிதரின் முதலெழுத்துகள். 1899-ல் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்த பிரெஞ்சுக்காரர், பின்னால் அமெரிக்கா போய் ஃபிளிண்ட் நகரத்தில் ஸ்பார்க் பிளக் தொழில் தொடங்கினார். அவர் நிறுவனத்தின் பெயரில் வந்த பெட்ரோல் பம்ப் உலகமெல்லாம் பரவி, யார் செய்தாலும் நம் மெக்கானிக்குகளின் வாயில் அது ஏசி பம்ப்தான். பம்ப் வருவதற்கு முன்பு பல வண்டிகளில் பெட்ரோல் டேங்கிலிருந்து தானாக வழிந்து இறங்கித்தான் எஞ்சினுக்குப் போனது. ஃபோர்டு மாடல் டி-யில் டேங்க் காலியாகிற நேரத்தில் செங்குத்தான மேடு வந்தால் ரிவர்ஸில் ஏறியிருக்கிறார்கள்.

பம்ப் கைக்குள் அடங்குகிற அளவுதான். எஞ்சினுக்குள் சுழலும் கேம் ஷாஃப்டின் மேடு ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ளும். அது டயாப்ரம் என்கிற மெல்லிய சவ்வைக் கீழே இழுக்கும். பெட்ரோல் உள்ளே வரும். ஸ்பிரிங் சவ்வை மேலே தள்ளும்; பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் எஞ்சினின் ஆயில். இரண்டும் கலக்காமல் தடுத்து நிற்பது அந்தச் சவ்வு ஒன்றுதான்.

பாய் அவசரப்படவில்லை. பனியன் வேஸ்ட்டால் பம்பைச் சுற்றிலும் ஈரமில்லாமல் துடைத்தார். கீழே செய்தித்தாளை விரித்து என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். ஓஸ் பைப், கிளிப், நட்டு, பம்பின் இரண்டு பாதிகள் சேரும் விளிம்பு என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். எல்லாம் காய்ந்திருந்தது. அப்புறம் விரலைப் பம்பின் அடியில் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். டார்ச் அடித்துக் காட்டினார். மிளகளவு எம்-சீல் உருண்டை.

"இத யாரு தம்பி அடைச்சது?"

சொன்னேன்.

ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டி எடுத்தார். உடனே பெட்ரோல் கம்பியாக ஒழுகியது. பம்பைச் செய்யும்போதே அதன் அடிப்பகுதியில் அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள். சவ்வு கிழிந்தால் பெட்ரோல் அதன் வழியாக வெளியே வந்து நமக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான். அதை அடைத்ததும் பெட்ரோலுக்கு எஞ்சினுக்குள் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்குகள் உலோகத்தோடு உலோகம் உரசித் தேயும். அப்பா இருபது வருடம் பார்த்துப் பார்த்து ஓட்டிய எஞ்சின், ஒரு மாதமாக இப்படி ஓடியிருக்கிறது. எனக்குப் பேச்சு வரவில்லை.

பாய் பேட்டரி டெர்மினலைக் கழற்றினார். டேங்கிலிருந்து வரும் ஓஸை உருவி அதில் ஒரு போல்ட்டைச் செருகினார். பம்பை இறக்கிப் பிரித்துக் காட்டினார். சவ்வு வறண்டு உப்பி, நடுவில் நகக்கீறல் போல ஒரு பிளவு. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது. 2023 முதல் 20 சதவீதம் கலந்த பெட்ரோலும் பங்க்குகளுக்கு வந்துவிட்டது. வயதும் சேர்ந்துகொண்டது.

ஜி.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கிப் புது பம்ப் வாங்கி வந்தேன். அதை அப்படியே மாட்டிவிடுவார் என்று நினைத்தேன். பாய் விளிம்பிலிருந்த ஸ்க்ரூக்களையெல்லாம் தளர்த்தினார். நெம்புகோலை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு, என்னை எதிரெதிராக முடுக்கச் சொன்னார். அழுத்தாமல் முடுக்கினால் சவ்வு விறைப்பாகவே உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு இழுப்பிலும் தவித்துச் சீக்கிரம் கிழியும். அவர் கட்டைவிரல் வெளுத்துப்போகும்வரை நெம்புகோலை விடவில்லை.

எஞ்சினுக்கும் பம்புக்கும் நடுவே இருந்த கறுப்புப் பேக்லைட் துண்டைத் துடைத்துத் திரும்ப வைத்தார். எஞ்சின் சூடு பம்புக்கு ஏறாமல் தடுப்பது அதுதான். கனம் மாறினால் நெம்புகோலின் வீச்சும் மாறிவிடும். ஏற்காடு மலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியில் வண்டி நின்றபோது அப்பா தன் துண்டை நனைத்து இந்தப் பம்பின் மேல் போட்டுவிட்டு, எங்களுக்குக் கொய்யா வாங்கிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்பால் இழுக்க முடியாது. துண்டு காய்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

ஆயிலை வடித்தபோது டீ மாதிரி கொட்டியது. புதிதாக ஊற்றி, சிறிது ஓடவிட்டு, அதையும் வடித்து மறுபடி ஊற்றினோம். எஞ்சினில் தட்டுகிற சத்தம் இல்லை. பாய் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். "அத்தாவோட புண்ணியம்" என்றார். என் அப்பாவை அவர் அப்படித்தான் சொல்வார்.

இப்போது ஞாயிறு தவறுவதில்லை. ஸ்டிக்கை உருவிப் பார்த்துவிட்டு, ஒரு குண்டூசியை அந்தத் துளையில் மெல்ல விட்டு எடுக்கிறேன், தூசி அடைத்துக்கொள்ளக் கூடாது என்று. பிறகு விரல் நுனியை அங்கே வைத்து முகர்ந்து பார்க்கிறேன்.