எற்பாடு

நெய்தல் திணையைப் பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். கடலும் கடல் சார்ந்த இடமும் நிலம், எற்பாடு சிறுபொழுது, இரங்கல் உரிப்பொருள். கரும்பலகையில் இவ்வளவையும் எழுதி முடித்துச் சன்னலுக்கு வெளியே பார்த்தால், தெரிவது எங்கள் எடப்பாடிச் சீமையின் வறண்ட மேட்டுநிலமும் நாலைந்து பனைகளும்தான். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெருந்தண்ணீர் என்றால் பூலாம்பட்டிக் காவிரி. படகேறினால் அக்கரை நெருஞ்சிப்பேட்டை. அதற்கு மேல் கற்பனைக்கு வேலையில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் அப்பா காலமானார். அஸ்தியைப் பூலாம்பட்டியில்தான் கரைத்தோம். படித்துறையில் நின்றிருந்த அம்மா, "இந்தத் தண்ணி எங்க கண்ணு போவுது?" என்று கேட்டாள். பவானி, ஈரோடு, முக்கொம்பு, கல்லணை என்று சொல்லிக்கொண்டே போய், பூம்புகாரில் கடலோடு சேரும் என்று முடித்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வருடத் திதி முடிந்த மறுவாரம், "அந்தக் கடல ஒருக்கா பாத்துட்டு வரலாமா?" என்றாள்.

கல்லூரியில் சொன்னதும் நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லோரும் பரிந்துரைத்தது ரிசார்ட்டுகளைத்தான். "அம்மாவுக்கு ஒரு வேலையும் இருக்காது சார், எல்லாம் அவங்களே பார்த்துக்குவாங்க" என்றார் வணிகவியல் பேராசிரியர். அந்த ஒரு வேலையும் இல்லாமைதான் எனக்கு அச்சமாக இருந்தது. உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்காகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அப்படியோர் இடத்தில் ஏற்கெனவே இரண்டு இரவுகள் தங்கியிருக்கிறோம். அவர்கள் மீது குறை சொல்ல ஏதுமில்லை. இருபது வகைப் பலகாரங்கள், நீச்சல் குளம், அரைமணிக்கொரு முறை "ஏதாவது வேண்டுமா?" என்று பணிவுடன் கேட்கும் பிள்ளைகள். அம்மா கட்டிலின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள். குளிரூட்டிய அறையில் இரண்டு இரவும் அவள் தூங்கவில்லை. கடல் இருந்தது, ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

வெளியூரில் தங்குவது பற்றி எங்கள் ஊருக்கென்று ஒரு பழக்கம் உண்டு. தைப்பூசம் முடிந்து பழனி மலைமேல் இரவு தங்கும் உரிமை எடப்பாடிக் காவடிக் குழுவினருக்கு இருப்பதைப் பலர் அறிந்திருப்பீர்கள். அங்கே தங்கள் கையாலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தயாரிப்பார்கள். சிறு வயது முதல் இதைக் கேட்டு வளர்ந்தவள் அம்மா. ஓரிடத்தில் தங்குவது என்றால் அங்கே நம் கை ஏதாவது செய்ய வேண்டும் என்பது அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே தரங்கம்பாடியில், கடற்கரையை ஒட்டி, சமையலறையுடன் கூடிய ஒரு மாடி வீட்டை நான்கு நாள் வாடகைக்கு எடுத்தேன். இரண்டு அறைகள், ஒரு திண்ணை, உப்பு அரித்த சன்னல் கம்பிகள். சாவியைக் கொடுத்துவிட்டுப் போன வீட்டுக்காரர் அதன் பின் எட்டிப் பார்க்கவில்லை. முதல் நாளே மின்சாரம் போயிற்று. குழாயில் உப்புத் தண்ணீர். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

மறுநாள் காலை ஊரைச் சுற்றினோம். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை. 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய கரை. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட ஊர். மகளுக்கு நான் இவற்றை விளக்கிக்கொண்டிருக்க, அம்மா மாசிலாமணிநாதர் கோயிலின் முன் நின்றுவிட்டாள். முன்பகுதியைக் கடல் கொண்டுபோன பின் எஞ்சிய கோயில் அது. "சாமி ஊட்டயே உட்டு வெக்கலயா?" என்றாள்.

வாசலுக்கு வரும் மீன்காரப் பெண்மணியோடு அம்மா இரண்டாம் நாளே பழகிவிட்டாள். மேட்டூர் அணை மீன் மட்டுமே அறிந்த கைக்குச் சங்கராவைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தவர் அவர். 2004 டிசம்பர் 26 அன்று தன் வீட்டில் இருவரைப் பறிகொடுத்தவர் என்பது பேச்சினூடே தெரிந்தது. "கடலு மேல கோவமில்லயா?" என்று அம்மா கேட்டாள். "எத்தினி நாளைக்குக் கோவிச்சுக்கறது? நாளைக்கும் அதுகிட்டத்தானே போவணும்" என்றார் அவர், செதில்களைத் தட்டியபடி. அதன் பிறகு இருவரும் வெகுநேரம் பேசவில்லை. எழுந்து போகவும் இல்லை. ஏதாவது வேண்டுமா என்று கேட்க அங்கே யாருமில்லை.

மூன்றாம் நாள் பூம்புகார் போனோம். தரங்கம்பாடியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அம்மா எதிர்பார்த்தது பூலாம்பட்டியின் அகலத்தை. அங்கே இருந்ததோ மெலிந்த ஒரு நீர்க்கோடு. வழிநெடுக வயல்களுக்குக் கொடுத்தும் கொள்ளிடத்துக்குப் பிரித்தும் மிஞ்சியது இவ்வளவுதான் என்று விளக்கினேன். "எல்லாருக்கும் குடுத்துட்டு வந்திருக்குது" என்றாள். அப்பாவைப் பற்றியும் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். எல் என்றால் சூரியன், படுதல் என்றால் மறைதல். எற்பாடு என்பது சூரியன் சாயும் பொழுது என்றே நடத்திவந்திருக்கிறேன். அதைக் காலைப்பொழுதாகக் கொள்வாரும் உண்டு. பாடம் நடத்தும்போதெல்லாம் என் மனக்கண்ணில் சூரியன் கடலுக்குள்தான் இறங்கும். "பொழுது நம்ம பொறத்தாலல்ல உழுகுது" என்றாள் அம்மா. திரும்பிப் பார்த்தேன். கீழைக்கடலில் வேறெப்படி இருக்கும்? வெயில் எங்கள் முதுகில் விழ, வீட்டின் நிழல் மணலில் நீண்டு அலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பதினெட்டு ஆண்டுகளில் இந்த எளிய உண்மை எனக்குத் தோன்றியதில்லை.

இரவு அம்மா பாயைத் திண்ணைக்கு அருகில் விரித்துக்கொண்டாள். உள்ளே படுக்கச் சொன்னேன்.

"இங்கயே இருக்கட்டும். தறி ஓடற மாதிரியே இருக்குது."

எங்கள் வீட்டுச் சுவருக்கு அப்பால் நாற்பதாண்டுகள் இரவும் பகலும் தறி ஓடியது. முதலில் கைத்தறி, பின்பு விசைத்தறி. மின்சாரம் நின்று சத்தம் அடங்கினால்தான் எங்களுக்கு விழிப்பு வரும். அப்பா போன ஆறாம் மாதம், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று நான்கு தறிகளையும் பழைய இரும்பு விலைக்கு விற்றேன். அம்மாவிடம் தகவலாகத்தான் சொன்னேன், கேட்கவில்லை. அவளும் அது குறித்து இதுவரை ஒரு சொல் சொன்னதில்லை. வீட்டில் அவள் தூங்காமலிருப்பதை வயதின் காரணம் என்றே நினைத்திருந்தேன்.

"தறிய வித்திருக்கக் கூடாதாம்மா?" என்றேன் இருட்டில்.

பதிலில்லை. அலை வந்து திரும்பியது, மறுபடி வந்தது. சற்று நேரம் கழித்து எழுந்து போய்ப் பார்த்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.