வலது கைக்கு பத்து வாரம் லீவு

சித்தூரில் வேலை பார்த்துக்கொண்டு மணிக்கட்டை உடைத்துக்கொண்டால் வைத்தியம் யாரிடம் என்று தேட வேண்டியதே இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே ஊரைத்தான் சொல்வார்கள். ஆபீஸில் ப்யூன் முதல் மேனேஜர் வரை "புத்தூரு வெள்ளண்டி சார்" என்றார்கள். நாகர்கோவிலிலிருந்து அம்மா போனில், "மக்ளே, மெட்ராஸ்லயிருந்து ஆளு பஸ் ஏறி அங்க வாராங்க. நீ பக்கத்துல இருந்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போவேங்க!" என்று சத்தம் போட்டாள்.

சென்னையில் தெருவுக்குத் தெரு 'புத்தூர் கட்டு' என்று போர்டு பார்த்திருப்பீர்கள். அந்தப் புத்தூர் இதுதான். திருப்பதியிலிருந்து சென்னை போகும் வழியில் சுமார் 35 கிலோமீட்டர். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்தபோது இது திருப்பதி மாவட்டத்தோடு போய்விட்டது. கட்டுப் போடுகிற இடம் ஊரை ஒட்டிய ராச்சபாளையம். 1881 வாக்கில் கேசவ ராஜு என்பவர் ஆரம்பித்தது என்கிறார்கள். வேட்டையில் கால் முறிந்த முயலுக்கு ஏதோ பச்சிலையைச் சுற்றிக் கட்ட, அது எழுந்து ஓடியது என்று ஒரு கதையும் உண்டு. முயல் நிஜமோ இல்லையோ, அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டுவது நிஜம்.

சரி, எனக்கு எப்படி உடைந்தது? ஞாயிற்றுக்கிழமைகளில் மவுண்டன் பைக் ஓட்டுவது என் பழக்கம். சித்தூர் - திருப்பதி எழுபது கிலோமீட்டரும் அகலமான நெடுஞ்சாலை. லாரிக்காரர்களுக்கு அது சொர்க்கம், சைக்கிள்காரனுக்கு அதில் வேலை இல்லை. எனக்குப் பிடித்தது மாந்தோப்புகளுக்கு நடுவே போகும் மண்பாதைகள்தான். கிளிமூக்கு மாங்காய் கொத்துக் கொத்தாகத் தொங்க, தூரத்தில் சேஷாசல மலை நீலமாகத் தெரியும். சந்திரகிரிக்கு முன்னால் அப்படி ஒரு இறக்கத்தில், மழையில் அரித்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கிவிட்டது. சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. விழுகிறவன் எவனும் கையை நீட்டித்தான் விழுவான், அது மூளையைக் கேட்டு நடப்பதில்லை. ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது. உடம்பு பாரம் முழுக்க வலது உள்ளங்கையில் இறங்கியது.

அன்று மாலை பக்கத்தில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றும் தெரியவில்லை, சுளுக்காக இருக்கும் என்று துணிக்கட்டு போட்டு அனுப்பினார்கள். நான்கு நாளில் வீக்கம் வடிந்தது. ஒரு வலி மட்டும் போகவில்லை. கட்டைவிரலை மேலே தூக்கினால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம், இரண்டு நரம்புகளுக்கு நடுவே ஒரு குழி விழும் பாருங்கள். மூக்குப்பொடி போடுகிறவர்கள் பொடியை வைத்துக்கொள்ளும் இடம். அங்கே அழுத்தினால் உயிர் போனது.

பன்னிரண்டாம் நாள் திருப்பதியில் ஒரு எலும்பு டாக்டரைப் பார்த்தேன். அவரும் முதலில் அழுத்தியது அந்தக் குழியைத்தான். மறுபடி எக்ஸ்ரே. இந்தத் தடவை மயிரிழை போல ஒரு கோடு. "ஸ்கேஃபாய்டு" என்றார்.

மணிக்கட்டில் எட்டு குட்டி எலும்புகள் இருக்கின்றன. அதில் ஒன்று இது, முந்திரிப்பருப்பு அளவுதான். பார்க்கப் படகு மாதிரி இருப்பதால் கிரேக்க மொழியில் படகைக் குறிக்கும் சொல்லையே பெயராக வைத்துவிட்டார்கள். இதில் விரிசல் விட்டால் முதல் நாள் எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது. அதனால் அந்தக் குழியில் வலி இருந்தால் படம் என்ன சொன்னாலும் கட்டுப் போட்டு, 10-14 நாள் கழித்து மறுபடி படம் எடுப்பது அல்லது எம்.ஆர்.ஐ. பார்ப்பது வழக்கமாம். இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பையன் ஸ்கேட்டிங்கில் விழுந்தாலும், பனியில் நீங்களே சறுக்கினாலும் அந்தக் குழியை அழுத்திப் பாருங்கள்.

இந்த எலும்புக்கு இன்னொரு சிக்கல், ரத்தம் வருகிற வழி. முக்கியமான ரத்தக்குழாய்கள் விரல் பக்கமாக உள்ளே புகுந்து முழங்கைப் பக்கமாகத் திரும்பி ஓடுகின்றன. கடைசி வீட்டுக்குத் தண்ணீர் போகிற குழாய் மாதிரி. நடுவில் உடைந்தால் கடைசி வீட்டுக்கு சப்ளை குறையும். சேராமலே போகலாம், அந்தத் துண்டு செத்தும் போகலாம். அப்படி விட்டால் சில வருடங்களில் மணிக்கட்டு தேய்ந்து நிரந்தர வலியாகும். நாற்பத்தைந்து வயதில் பேனாவையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து இழப்பதா என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

முன்னால் இருந்த வழிகள் மூன்று. மாவுக்கட்டு, ஸ்க்ரூ, புத்தூர்.

புத்தூரைக் கிண்டல் செய்கிற கட்சி இல்லை நான். போன வருடம் எங்கள் கிளைக் காவலாளிக்கு முன்கை எலும்பு முறிந்தபோது கூடப் போயிருக்கிறேன். வந்தவர்களில் பாதிப் பேர் கையில் எக்ஸ்ரே கவர். கட்டுகிறவர் படத்தை வெளிச்சத்தில் பார்த்தார், பிறகு கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு விரலால் தடவிக்கொண்டே வந்தார். அரைத்த பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் பட்டை. பத்து நிமிடத்தில் முடிந்தது. காவலாளி இன்று இரண்டு கையாலும் ஷட்டர் தூக்குகிறார்.

தடவிப் பார்த்தே எலும்பைப் படிப்பது மட்டமான வித்தை இல்லை. டப்ளினைச் சேர்ந்த ஆப்ரஹாம் காலிஸ் என்ற அறுவை மருத்துவர் மணிக்கட்டுக்கு மேலே ஆரை எலும்பு முறிவதைப் பற்றி எழுதியது 1814-ல். ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895-ல். அந்த முறிவுக்கு இன்றும் காலிஸ் பெயர்தான். புத்தூர்க்காரர்களும் எக்ஸ்ரேக்கு முன்னால் ஆரம்பித்தவர்கள்தான்.

ஆனால் ஆரை எலும்பு தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. விலகினால் கைக்குத் தெரியும், இழுத்து நேராக்கலாம். ஸ்கேஃபாய்டு மற்ற எலும்புகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. மயிரிழை விரிசல் எந்த விரலுக்கும் தட்டுப்படாது. அது சேர்கிறதா என்பதும் படத்தில்தான் தெரியும். இதைத்தான் அம்மாவிடம் சொன்னேன். "உனக்குப் படிப்பு கூடிப்போச்சு" என்று போனை வைத்துவிட்டாள். மறுவாரம் நாகர்கோவிலிலிருந்து பிரண்டை வற்றல் பார்சலில் வந்தது!

அடுத்தது ஸ்க்ரூ. தலையில்லாத சின்ன ஸ்க்ரூவை எலும்புக்குள்ளேயே புதைத்துவிடுவார்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் ஹெர்பர்ட் 1984-ல் இதைப் பற்றி எழுதிய பிறகு பரவிய முறை. சீக்கிரம் கையை அசைக்கலாம் என்பது லாபம். டாக்டர் இரண்டு பக்கத்தையும் சொன்னார். பிரிட்டனில் 439 பேரை வைத்து ஒரு ஆய்வு நடத்தி, 2020-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். அதிகம் விலகாத நடுப்பகுதி முறிவுக்கு, ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஸ்க்ரூ போட்டவர்களுக்கும் மாவுக்கட்டு போட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முதலில் கட்டு, சேரவில்லை என்று தெரிந்தால் உடனே ஸ்க்ரூ என்பது அவர்கள் முடிவு. என் விரிசல் விலகவில்லை. பாங்க் மூளைக்கு இது புரிந்தது. அவசியம் வரும்வரை முதலில் கை வைக்காதே. கட்டு என்று முடிவானது.

பத்து வாரம். வலது கை. இனி வீட்டுக் கதை.

சட்டைப் பொத்தான் மனைவி போட்டுவிட்டாள். வேட்டியை ஒரு கையால் கட்ட முடியாது, பெல்ட் வேட்டி வாங்கினேன். குளிக்கும்போது கைக்குப் பாலிதீன் பை, வாயில் ரப்பர் பேண்ட். சாப்பாடு இடது கையில் ஸ்பூன். வீட்டில் பரவாயில்லை, ஒரு தெலுங்குக் கல்யாணத்தில் இலையில் உட்கார்ந்து ஸ்பூன் கேட்டதும் பரிமாறியவர் முகம் போன போக்கு! கட்டைப் பார்த்ததும் அவரே பப்பும் நெய்யும் பிசைந்து வைத்தார். கட்டுக்குள் அரிக்கும், சீப்பை மட்டும் விடாதீர்கள், தோல் கிழிந்து சீழ் பிடிக்கும். விரல்களை மணிக்கு ஒரு தடவை மடக்கி நீட்ட வேண்டும். விரல் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, அது எந்தக் கட்டாக இருந்தாலும் அன்றைக்கே போய்த் தளர்த்த வேண்டும். இறுகிய கட்டு தசையையே கொன்றுவிடும்.

ராத்திரி ராகி சங்கட்டி. நம் ஊர்க் களிதான், இங்கே கொஞ்சம் சோறு சேர்த்துக் கிண்டுவார்கள். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம், அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. சைக்கிளுக்குப் பதிலாக அலிபிரி படி. மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் படிகள், கட்டுப் போட்ட கையை மடித்துக்கொண்டு மெதுவாக. பிரசாதத்தை இடது கையில் வாங்கத் தயங்கி நின்றபோது ஒரு கிழவி என் இடது கையைப் பிடித்துத் தன் வலது கையைக் கீழே கொடுத்து வாங்க வைத்தாள். வலது கை வந்துவிட்டது, சாமிக்கு அது போதுமாம்.

ஆபீஸ்தான் கஷ்டம். கம்ப்யூட்டருக்கு இடது விரலும் பதிவாகி இருந்ததால் தப்பித்தேன். டி.டி., டெபாசிட் ரசீது, நகைக்கடன் காகிதம் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட பக்கத்து டேபிள் அதிகாரி. நாள் முழுக்க அடுத்தவர் கையெழுத்துக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று கவுண்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அந்த வாரங்களில்தான் பக்கவாதம் வந்த ஒரு விவசாயி மாம்பழப் பணம் எடுக்க வந்தார். வலது கை செயலில்லை, இடது கையும் நடுங்குகிறது. மகன் தயங்கித் தயங்கி, "கையெழுத்து ஒத்துப்போகாது சார், அக்கவுண்டை மூடிடுவீங்களா?" என்றான். மூடமாட்டார்கள் அப்பா. ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் சேவை விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. கையெழுத்துப் போட முடியாதவர் விரல் ரேகை வைக்கலாம், அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகை. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரி. ரேகையும் வைக்க முடியாதவர் ஒரு குறி போட்டாலும் செல்லும். போடுகிறவர் உடம்பு அந்தக் குறியைத் தொட்டிருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம், 1950-ஆம் வருட உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அப்படிச் சொல்கிறது. பெரியவர் கட்டைவிரலை மையில் வைத்து அழுத்தினார். வங்கி சார்பில் சாட்சி பக்கத்து டேபிள் அதிகாரி. நான் இடது கையால் மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். பெரியவர் என் கட்டைப் பார்த்துச் சிரித்தார். "மீகு கூடா நா?" உங்களுக்குமா? ஆமாங்கய்யா, எனக்கும்.

ஊரில் வயதான அப்பா அம்மா இருக்கிறவர்கள் இந்த விதியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து மாறிவிட்டது என்று பென்ஷன் பணம் முடங்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு போனில் கத்தவும் வேண்டாம், விதியைச் சொல்லிக் கிளை மேலாளரிடம் எழுதிக் கேட்டாலே நடக்கும்.

பத்தாவது வாரம் படத்தில் கோடு மங்கியிருந்தது. சந்தேகத்துக்கு ஒரு சி.டி. ஸ்கேன். சேர்ந்துவிட்டது. கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்தது வேறு யாருடைய கையோ என்று தோன்றியது. வெளுத்து, மெலிந்து, உரிந்த தோலோடு. இப்போது தினமும் வெந்நீரில் கை, பிறகு ரப்பர் பந்து, பிறகு சப்பாத்தி மாவு. வீட்டில் மாவு பிசைவது என் டிபார்ட்மெண்ட் ஆகிவிட்டது, மனைவிக்கு இது பிடித்திருக்கிறது.

சைக்கிள் இன்னும் மாடியில்தான். சேர்ந்த எலும்பு வேறு, பிரேக்கைப் பிடிக்கும் பலம் வேறு என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றி வலியில்லாமல் உடம்பைத் தாங்க முடிந்தால் முதலில் தார் ரோடு, அப்புறம்தான் மண்பாதை. நேற்று பத்து எண்ணும்வரை தாங்கினேன். அம்மாவிடம் சொன்னேன். "பிரண்டை!" என்றாள். நான் மறுக்கவில்லை.