பிராட்சர்ச் 2: கோபப்பட்டவர்கள் பக்கமும் நியாயம் உண்டு

(பார்க்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள், கதை இருக்கிறது.)

'பிராட்சர்ச்' டிவி தொடரின் முதல் சீசன் 2013-இல் பிரிட்டனையே கட்டிப்போட்டது. சிறுவன் டேனியைக் கொன்றவன் யாரென்று தெரிந்து, அவனே ஒப்புக்கொண்டும் விட்டான். 2015-இல் இரண்டாவது சீசன் தொடங்கியதும் அதே ஜோ மில்லர் கோர்ட்டில் நின்று, "நான் குற்றவாளி இல்லை" என்கிறான். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள்.

சட்டம் தெரிந்தவர்களுக்கு வேறு எரிச்சல். சாட்சி சொல்லவேண்டியவர்களே முன்கூட்டி வந்து உட்கார்ந்து விசாரணையைக் கேட்கிறார்களே, இது எந்த ஊர் கோர்ட் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். போதாததற்கு சாண்ட்புரூக் என்ற வேறொரு பழைய வழக்கையும் இழுத்துவிட்டதில் கதை தள்ளாடுகிறது.

ஆனாலும் எனக்கு இந்த சீசன் பிடிக்கும். ஜோவின் மனைவி எல்லி, அவளே போலீஸ்காரி. ஆத்திரம் தாங்காமல் விசாரணை அறையில் அவனை உதைத்தாள். அதைக் காட்டியே அவன் வக்கீல் வாக்குமூலத்தைச் செல்லாததாக்குகிறார். அந்த இடத்தில் எல்லியாக நடிக்கும் ஒலிவியா கோல்மனின் முகத்தைப் பாருங்கள். கொலையாளியைப் பிடிப்பதோடு மற்ற தொடர்கள் முடித்துக்கொள்கின்றன. பிடித்த பிறகு அந்தக் குடும்பங்கள் படும் பாட்டை இது காட்டுகிறது.

கடைசியில் ஜோ விடுதலையானது உங்களுக்குச் சம்மதமா? சொல்லுங்கள், சண்டை போடலாம்.