"சரி, சொந்த ஊர்?"

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு பிறந்தநாள் விருந்து. பிரியாணித் தட்டும் கையுமாக, புதிதாக அறிமுகமான இரண்டு தமிழர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஊர்ல எங்கங்க?"

"சென்னைதாங்க. தாம்பரம் பக்கம், சேலையூர்."

"அப்படியா. சரி, சொந்த ஊர்?"

தாம்பரம் என்ற பதில் கேட்டவருக்குப் போதவில்லை. போதாதுதான். தென் மாவட்டங்களிலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியாக வந்து, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், செங்கல்பட்டு வரை மனை வாங்கிக் குடியேறியவர்கள் நிறைந்த பகுதி அது. அந்த முகவரியை வைத்து ஒருவரை எந்தத் தெருவிலும் நிறுத்திவிட முடியாது. அதனால்தான் சொந்த ஊர், அடுத்து குலதெய்வம், அப்புறம் அப்பா என்ன செய்தார் என்று கேள்விகள் நீள்கின்றன. நாலாவது கேள்விக்குள் சாதி தெரிந்துவிடும். கேட்கிறவர் அன்பாகத்தான் கேட்கிறார். கேட்கப்படுகிறவருக்குத்தான் தொண்டையில் சோறு இறங்குவதில்லை.

இந்தக் கேள்விக்கு முகத்துக்கு நேராகப் பதில் சொன்ன இசைக்குழு ஒன்று சென்னையில் உண்டு. 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், 'குரங்கன்' குழுவில் ராக் இசைத்துவந்த டென்மாவும் சேர்ந்து 2017-இல் உருவாக்கிய குழு. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் முதல் கச்சேரி. சபாக்களில் மார்கழி இசைவிழா களைகட்டும் பருவத்தில், 19 பேர் கோட்டு சூட்டில் மேடையேறினார்கள். எலெக்ட்ரிக் கிடாரும் டிரம் செட்டும் ஒருபுறம். சட்டி, கட்ட மோளம், பறை, தவில் மறுபுறம். வடசென்னையில் சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்படும் கானா, அன்று மைக் முன்னால் தலைநிமிர்ந்து நின்றது. இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, அம்பேத்கர் எல்லாமே பாட்டாயின. குழுவில் பாடிய இசைவாணி, ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் நுழைந்தவர். 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

குழுவின் பெயருக்கு வேர் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914). சாதியற்ற தமிழர் என்ற அவருடைய கருத்திலிருந்துதான் அந்தப் பெயரை எடுத்தார்கள். தாம்பரத்துக்காரர்களுக்கு அந்தப் பெயர் வேறொரு வகையில் பழக்கம். தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். முட்டிவலிக்கும் தோல்நோய்க்கும் மருந்து வாங்க வருகிற கூட்டத்தில் பெரும்பாலோருக்கு அவர் சித்த வைத்தியர் மட்டுமே. 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கி, சாதியையும் பௌத்தத்தையும் பற்றி எழுதிக் குவித்தவர் என்பதை இன்றைய இளைஞர்கள் பலருக்கு எடுத்துச் சொன்னது ஒரு இசைக்குழு. இது சாதாரணக் காரியமில்லை.

லண்டனில் வாழும் தமிழருக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் இன்று ஓரளவு நிம்மதியாக நடமாடும் கிழக்கு லண்டன், பங்க் இசை இனவெறியை எதிர்த்து நின்ற மண். 1976-இல் பர்மிங்காம் மேடையில் ராக் கலைஞர் எரிக் கிளாப்டன் குடியேறிகளுக்கு எதிராகப் பேசியதும், 'ராக் அகைன்ஸ்ட் ரேசிசம்' இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து பெரும் ஊர்வலம் விக்டோரியா பூங்காவுக்கு நடந்துபோனது. அங்கே 'தி கிளாஷ்' குழுவும் 'ஸ்டீல் பல்ஸ்' குழுவும் வாசித்தன. அடுத்த ஆண்டே, பாகிஸ்தான் வம்சாவளி இளைஞர்கள் மூவர் ஒரு வெள்ளைக்கார நண்பருடன் சேர்ந்து 'ஏலியன் கல்ச்சர்' என்ற பங்க் குழுவைத் தொடங்கினார்கள். அந்நியக் கலாசாரத்தவரால் நாடு மூழ்கிவிடுமோ என்று மக்கள் அஞ்சுவதாக மார்கரெட் தாட்சர் தொலைக்காட்சியில் சொன்னதற்கு, பெயரிலேயே அவர்கள் கொடுத்த பதிலடி அது.

வெள்ளையரின் வெறுப்புக்கு எதிராக இப்படிப் பாடியவர்களால் பலனடைந்த சமூகம், தன் வீட்டுக்குள் இருக்கும் சாதியைப் பற்றிப் பேச மறுக்கிறது. பிரிட்டன் நாடாளுமன்றம் 2013-இல் சாதியையும் சமத்துவச் சட்டத்துக்குள் கொண்டுவர வழிசெய்தது. இந்தியர் அமைப்புகள் சில கடுமையாக எதிர்த்தன. 2018 ஜூலையில் அரசு அந்த யோசனையைக் கைவிட்டது. கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடந்து அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவில் சியாட்டில் நகர மன்றமோ 2023 பிப்ரவரியில், மன்ற உறுப்பினர் க்ஷமா சாவந்த் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில், சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பாடிய அறிவு அரக்கோணத்துக்காரர். 2021 மார்ச்சில் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி'யில் பாடகி தீயுடன் சேர்ந்து பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியா திரும்பிய அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கைதான் அந்தப் பாட்டின் கரு. டொராண்டோ, சிட்னி, லண்டன் என்று தமிழ்க் கல்யாணங்களிலெல்லாம் அதற்கு ஆடினார்கள். ஆனால் அந்த ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் கனடா ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பிய பிறகு, அறிவுக்கும் ஒரு அட்டை வந்தது. 2024-இல் அறிவு வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. பாட்டியின் பெயரை இனி யாரும் தாண்டிப் போக முடியாது.

அயல்நாட்டுத் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கு சினிமாப் பின்னணிப் பாடகர்களை வரவழைக்கின்றன. மண்டபம் நிறைகிறது, செல்ஃபி எடுக்கிறார்கள், நல்லதுதான். ஒரு வருடம் அந்தச் செலவில் கானாக்காரர்களையும் சட்டி, கட்ட மோளத்தையும் கூட்டி வரட்டும். மேடையில் இட ஒதுக்கீட்டுப் பாட்டையும் பாடவிட வேண்டும், நிகழ்ச்சி நிரலிலிருந்து அதை மட்டும் நீக்கச் சொல்லக் கூடாது. முதல் வரிசையில், சொந்த ஊர் விசாரிக்கிற பெரியவர்களுக்கே இடம் போடலாம்.