கற்பூரமும் கையெழுத்தும்

அண்ணாமலையை வலம் வருவோர் இளைப்பாறிச் செல்லும் ஊர் அடி அண்ணாமலை. அங்கேதான் என் தம்பியின் வீடு. தம்பி மகன், மல்லாட்டை உடைக்கும் பொறியொன்றைப் புதிதாய் ஆக்கியிருந்தான். அதற்கு அமெரிக்காவில் காப்புரிமை கேட்க வேண்டிய தாள்கள் வந்திருந்தன.

"நானே கண்டுபிடித்தேன் என்று சத்தியம் செய்ய வேண்டுமாமே! கோயிலுக்கு வாடா, சூடம் அணைத்துவிடலாம்," என்றார் அவனுடைய தாய்மாமன்.

சிரித்தேன். ஆயினும், அமெரிக்காவும் ஒரு காலத்தில் ஆணையைத்தான் கேட்டது! 1901-இல் அங்கே விண்ணப்பித்த ஜெகதீச சந்திர போஸ், மின்னலைகளை உணரும் கருவிக்கு 1904-இல் காப்புரிமை பெற்றார். அந்நாளையச் சட்டப்படி, வெளிநாட்டில் இருப்பவர் அமெரிக்கத் தூதர் முன்போ, முத்திரையுடைய நோட்டரி முன்போ ஆணையிட வேண்டும். அந்த நோட்டரிக்கு அதிகாரம் உண்டென்று தூதரகம் சான்று தர வேண்டும். ஆணைக்கு முத்திரை, முத்திரைக்குச் சான்று!

1964-இல் அச்சட்டம் திருந்தியது. ஆணைக்குப் பதிலாக எழுத்து மூலமான உறுதிமொழிக்கு இடம் தந்தது. அறிந்தே பொய்யுரைத்தால் அபராதமும் சிறையும் உண்டு என்னும் எச்சரிக்கை அத்தாளிலேயே இருக்கும். இன்று அதற்குத் தூதரும் வேண்டா, நோட்டரியும் வேண்டா; கையொப்பம் போதும். 1967-இல் அண்ணாவின் அமைச்சரவை கடவுள் பெயரைச் சொல்லாமல், உளமார உறுதி கூறிப் பதவியேற்றதை நாம் மறப்போமா?

பேனாவை எடுத்த பிள்ளை தயங்கினான்.

"பெரியப்பா! உருளைகளின் இடைவெளி தானே கூடிக் குறைய ஸ்பிரிங் வைக்கச் சொன்னது பட்டறை அண்ணன் அல்லவா?"

"கூலி கொடுத்தாயே, போதாதா? அவன் பெயர் எதற்கு?" என்றார் மாமன். சூடம் அணைக்க அழைத்த அதே வாய்!

நானும் ஒரு கணம் வாய்மூடி இருந்தேன். பங்கு பாதியாகுமே என்னும் கணக்கு, பகுத்தறிவு பேசும் என் மூளையிலும் ஓடியது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பிள்ளை கையொப்பமிடவில்லை. கண்டுபிடிப்பில் கருத்தளித்த ஒவ்வொருவரும் பெயர் பெறவேண்டும் என்பதே சட்டம். வழக்கறிஞருக்கு எழுதினான். இரு பெயர்களுடன் புதுத் தாள்கள் வந்தன. எண்ணெய்க் கறை படிந்த கையைத் துடைத்துக்கொண்டு, பட்டறைத் தோழர் தமிழில் கையொப்பமிட்டார்.

தோழர்களே! சூடம் ஒரு நொடியில் அணைந்துவிடும். பிறர் உழைப்பைத் தனதென்று சொல்லக் கூசும் நெஞ்சு அணையாது. அந்த நெஞ்சை வளர்ப்பதே நம் வேலை. அன்று அதை எனக்குக் கற்பித்தவன், என்னினும் முப்பதாண்டு இளையவன்.