பயிற்சிக்கு ஒரு தெர்மாகோல் கேக்

திருமண வரவேற்பு மேடைகளில் நிமிர்ந்து நிற்கும் அடுக்குக் கேக்கில் ஓர் அடுக்கு மட்டுமே மெய்க் கேக், ஏனையவை தெர்மாகோல் என்பது பலரும் அறிந்த இரகசியமே. அதே தெர்மாகோல், கேக் அலங்காரம் பயின்று வீட்டிலிருந்தே நாலு காசு ஈட்ட விரும்பும் நம் பெண்மக்களுக்கு உற்ற துணையாகும். ஒரு ரோஜா ஒழுங்காய் அமையுமட்டும் மெய்க் கேக்குகளைப் பாழாக்கினால், முட்டைக்கும் வெண்ணெய்க்கும் எந்தக் குடும்பம் ஈடுகொடுக்கும்?

வாங்கும்போது மலிவை மட்டும் நோக்கலாகாது. விரலால் அழுத்தியதும் பள்ளம் விழுந்து, ஓரம் மணிமணியாய் உதிர்வது நெடுநாள் நில்லாது. மணிகள் நெருங்கிய கெட்டிக் கட்டையே நன்று. வெந்த கேக்கின் விளிம்பு கூராயிராது. ஆதலால் கட்டையின் விளிம்பையும் உப்புத்தாளால் சற்றே மழுக்குதல் வேண்டும். தெர்மாகோலில் ஏறத்தாழ 98 விழுக்காடு காற்றே. இருபுறமும் ஒட்டும் நாடாவால் பலகையோடு பிணைக்காவிடில், கை பட்டதும் நழுவும்.

நாம் ஒரே கட்டையை ஐந்தாண்டுகளாய்ப் பயன்படுத்துகிறோம். மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுகச் சுற்றிவிட்டால், வனஸ்பதி ஐசிங்கை வழித்தெடுத்து மீண்டும் பிழிந்து பழகலாம். வெண்கருவும் சர்க்கரையும் சேர்ந்த ராயல் ஐசிங்கோ கல்லாய் இறுகும். கத்தியால் பெயர்த்தால் கட்டையும் பெயரும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் தானே கரையும். கொதிநீர் கூடாது, கட்டை கோணிவிடும். நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் பட்டாலோ கட்டையே கரைந்துபோம்!

உடைந்ததையும் எறிந்துவிடலாகாது, அது மண்ணில் மக்குவதில்லை. சிறு துண்டுகளில் சர்க்கரைப் பூக்களைக் குத்தி உலர்த்தலாம். ஒன்று மட்டும்: பயிற்சி ஐசிங்கைக் குழந்தைகள் எவ்வளவு கெஞ்சினாலும் தின்னக் கொடுத்தலாகாது.