முந்தி அடித்த மணி

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, மூன்றாம் வருஷம் படிக்க வேண்டிய நேரத்தில் கதை எழுதக் கிளம்பியவன் நான். ஆனால் இந்த விஷயம் கம்ப்யூட்டரில் ஆரம்பித்து எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து முடிந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

சென்ற சித்திரையில் என் தங்கை தன் மகனோடு வீரசோழனுக்கு வந்திருந்தாள். சித்திரை வெயிலைப் பற்றித் திருச்சுழிச் சீமைக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. சீமைக்கருவேல மரங்கள் மட்டும் யாருக்கும் கடன்படாதவைபோலப் பச்சையாக நின்றன. பையன் சென்னையில் வேலை பார்க்கிறவன். விடுமுறைக்கு வந்த இடத்திலும் லாப்டாப்பை விரித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டான்.

"கம்பெனி வேலையாடா?" என்றேன்.

"இல்ல மாமா, இது பொது வேலை" என்றான்.

யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், காசு கொடுக்க வேண்டாம் என்று பொதுவில் வைத்திருக்கும் நிரல் நூலகம் ஒன்றுக்குத் தன் பங்காக ஏதோ சேர்க்கிறானாம். கண்மாய்க்குக் குடிமராமத்துச் செய்வதுபோல என்று நான் புரிந்துகொண்டேன்.

அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். நம் கைபேசிக்குள் பேரேடு மாதிரி ஒன்று இருக்கிறது. எஸ்கியூலைட் என்று அதற்குப் பெயர். 2000-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. உரிமை கொண்டாடாமல் அதைப் பொதுச் சொத்தாக விட்டிருக்கிறார். ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் அது உண்டு. நிரல் எழுதுகிறவர்கள் பல சமயம் அந்தப் பேரேட்டை நேரே புரட்டுவதில்லை. நடுவே ஒரு கணக்குப்பிள்ளையை வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்குப்பிள்ளைதான் நான் சொன்ன நூலகம். பேரேட்டில் ஒரு வரி மாறினால், அதைத் திரையில் காட்டுகிறவனுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவன் நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து, "மாறிற்றா, மாறிற்றா?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் கண்மாய்க்குத் தண்ணீர் வந்ததா என்று பார்க்க நடையாய் நடந்த சம்சாரிகளை நான் அறிவேன். நீர்ப்பாய்ச்சி வந்து ஒரு வார்த்தை சொன்னால் அந்த நடை மிச்சம் அல்லவா?

"அவ்வளவுதானே? மாறியவுடன் மணி அடிக்கச் சொல்லேன்" என்றேன்.

"அங்கேதான் மாமா வம்பு!"

வரிகள் தனித்தனியாக மாறுவதில்லையாம். பல மாற்றங்களைக் கட்டாகச் செய்து, எல்லாம் சரியாக இருந்தால் கடைசியில் கையெழுத்து. நடுவில் ஒன்று தவறினாலும் அத்தனையையும் அழித்துப் பழையபடி ஆக்கிவிட வேண்டும். எஸ்கியூலைட்டில் வரியைச் சேர்த்தாலும் திருத்தினாலும் மணி அடிக்க வசதி இருக்கிறது. ஆனால் அந்த மணி கையெழுத்துக்கு முன்பே அடித்துவிடும். கையெழுத்துக்கென்று தனியாக வேறொரு மணி உண்டு. அதுவும் கையெழுத்து விழுவதற்குச் சற்று முன்னால்தான். அந்தச் சிறிய இடைவெளியிலும் காரியம் கெட்டுப்போகலாம்.

"அதனால நான் என்ன பண்றேன்னா, மணி அடிக்கிறப்போ வாயே திறக்கிறதில்ல. எந்த ஏடு மாறிச்சுன்னு ஒரு சீட்டுல மட்டும் குறிச்சு வச்சுக்கிறேன். கட்டு கலைஞ்சா சீட்டைக் கிழிச்சுப் போட்டுர்றேன். முடிஞ்சுருச்சுன்னு உறுதியாத் திரும்பி வந்தாத்தான் வெளியே சொல்றது."

போஸ்ட்கிரெஸ் என்ற பெரிய பேரேட்டில் இந்த ஒழுங்கு உள்ளேயே அமைந்திருக்கிறதாம். நடுவில் சேதி சொன்னாலும், காரியம் உறுதியான பிறகே அது வெளியே போகும். காரியம் கைவிடப்பட்டால் சேதியும் கூடவே போய்விடும். பையன் இன்னும் ஏதேதோ சொன்னான். வேறொரு வாசல் வழியாக வேறொருவன் வந்து எழுதினால் எஸ்கியூலைட்டின் மணி அடிக்காதாம். அந்தக் குறையையும் மறைக்காமல் குறிப்பில் எழுதிவிட்டானாம்.

எனக்கு அதற்கு மேல் காதில் விழவில்லை.

ஏறக்குறைய இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் என் தங்கையை ஒரு குடும்பத்தார் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பிடித்திருக்கிறது என்றுதான் சொன்னார்கள். தாம்பூலம் மாற்றவில்லை. "வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு" என்று அப்பா என்னை எச்சரித்தார். நான் இருக்கவில்லை. சந்தையில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், அருப்புக்கோட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமும் சொன்னேன். சந்தோஷம் அப்படி! பத்தே நாளில் அவர்கள் மனம் மாறிவிட்டது.

ஏடு பழையபடி ஆகிவிட்டது. சேதியை மட்டும் யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை. "பெண்ணிடம் என்ன குறை?" என்று ஊர் கேட்டது. அடுத்த இடம் அமைய இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த இரண்டு வருஷமும் அவள் சந்தைப் பக்கம் தலைகாட்டவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. வார்த்தைகளை விற்றுப் பிழைக்கிறவனுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

தங்கை மோர் கொண்டுவந்தாள்.

"மாமாகிட்ட என்னடா அளந்துகிட்டு இருக்கே?"

"முடியாத காரியத்தை முடிஞ்சுருச்சுன்னு சொல்லக் கூடாதும்மா. அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்மாய்க் கரையைப் பார்த்தேன்.

"மாமாவுக்கு அது தெரியும்டா" என்றாள். பிறகு முதல் டம்ளரை என்னிடம் நீட்டினாள். குத்திக் காட்டினாளா, மன்னித்தாளா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மோரில் உப்பு சரியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்துச் சென்னையிலிருந்து மருமகன் போன் செய்தான்.

"மாமா, என் வேலையை நூலகத்துல சேர்த்துட்டாங்க. சேர்த்த பிறகுதான் சொல்றேன்!"

போனை வைத்துவிட்டுத் தங்கையின் எண்ணைத் தேடினேன். அவனைப் பற்றிச் சொல்வதற்காக அல்ல. அதை அவனே சொல்லியிருப்பான். இருபத்தாறு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்வதற்காக.